செட்டிநாட்டு வீட்டில் கீட்டோன் எங்கெல்லாம் இருக்கிறது

கீட்டோன் என்ற சொல் இப்போது நம் பக்கம் இரண்டே இடத்தில்தான் காதில் விழுகிறது. பேலியோ, கீட்டோ என்று சோற்றை விட்டவர்கள் கூடிப் பேசும்போது ஒன்று. சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தவரின் ரிப்போர்ட்டில் "யூரின் கீட்டோன் பாசிட்டிவ்" என்று இருப்பது இன்னொன்று. முதல் கூட்டம் அதை வரமாகப் பேசுகிறது, இரண்டாவது இடத்தில் அதே சொல்லைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு பேரும் ஒரே பொருள்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அது எப்படி என்று பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றை எடுத்துக்கொண்டால் அடுப்படியிலிருந்து சாமி அறை வரைக்கும், ஏன், தூண் வரைக்கும் கீட்டோன் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொருளை டயட்காரர்களிடமே விட்டுவிடுவது அநியாயம்.

கார்பன் அணு ஒன்று ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருந்தால் அதற்குக் கார்பனைல் தொகுதி என்று பெயர். கார்பனால் நான்கு பிணைப்பு போட முடியும். இரண்டு ஆக்சிஜனுக்குப் போய்விட்டதால் மிச்சம் இரண்டு. அந்த இரண்டிலும் கார்பன் அணுக்களே வந்து சேர்ந்தால் அது கீட்டோன். ஒரு பக்கமாவது ஹைட்ரஜன் இருந்தால் ஆல்டிஹைடு. ஹைட்ரஜன் இருக்கிற இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து உட்கார்ந்தால் அமிலம், நைட்ரஜன் உட்கார்ந்தால் அமைடு. இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்து மறந்திருப்போம்.

ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அதனால் அந்தக் கார்பன் கொஞ்சம் நேர்மின் தன்மையோடு நிற்கிறது, வெளியிலிருந்து வருகிற எதுவும் முதலில் அங்கேதான் கை வைக்கும். இதில் கீட்டோன் இரண்டு பக்கமும் வீடு ஒட்டி நிற்கிற நடு வீடு மாதிரி. ஆல்டிஹைடு ஒரு பக்கம் பொட்டலாகக் கிடக்கிற கோடி வீடு, ஹைட்ரஜன் அவ்வளவு சின்னது. அந்தப் பக்கமாக ஆக்சிஜன் எளிதில் உள்ளே வந்து ஆல்டிஹைடை அமிலமாக்கிவிடும். கீட்டோனை அப்படி மாற்ற வேண்டுமானால் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள பிணைப்பையே உடைக்க வேண்டும், அது லேசில் நடக்காது. வீட்டுக்குள் எது மணம் மாறாமல் நிற்கிறது, எது போய்விடுகிறது என்பதில் பாதிக் கதை இந்த வித்தியாசத்திலேயே இருக்கிறது.

பட்டையின் மணம் சினமால்டிஹைடு, சீரகத்தின் மணத்தில் முக்கியமானது கியூமினால்டிஹைடு. பெயரிலேயே தெரிகிறது, இரண்டும் ஆல்டிஹைடு. முழுப் பட்டையாக இருக்கும்வரை உள்ளே பத்திரமாக இருக்கும். பொடித்து டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு பக்கம் மணம் ஆவியாகிப் போகிறது, இன்னொரு பக்கம் காற்றுப் பட்டுச் சினமால்டிஹைடு மெல்ல மெல்ல மணம் குறைந்த சினமிக் அமிலமாகிறது. ஆச்சிமார் மசாலாவை அன்றன்றைக்கு வறுத்து அரைக்கச் சொல்வதைப் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. மாதக்கணக்கில் கடையில் நின்ற "செட்டிநாடு மசாலா" பாக்கெட்டில் மிளகாய்க் காரம் மட்டும் தூக்கலாகத் தெரிவதற்கும் இதுவே முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு. காரம் தருகிற கேப்சைசின் ஓர் அமைடு. அது சீக்கிரம் கெடாது, ஆவியாகியும் போகாது.

ஆனால் செட்டிநாட்டு மசாலாவில் எல்லாமே கார்பனைல் என்று நினைத்துவிடக் கூடாது. அன்னாசிப்பூவிலும் சோம்பிலும் இனிப்பாக மணப்பது அனெத்தோல், அது ஈதர் வகை. கிராம்பில் இருப்பது யூஜினால், ஃபீனால் வகை. சோம்பில் மட்டும் அனெத்தோலோடு ஃபென்கோன் என்ற கீட்டோனும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, சோம்பு மென்றால் இனிப்புக்குப் பின்னால் சூடம் போல ஒரு லேசான கசப்பு வருவது அதனால்தான். கல்பாசி செடியே இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்கிற லைக்கன் அது, அதிலுள்ள அட்ரனோரின் என்ற பொருளில் ஓர் ஆல்டிஹைடு தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆல்டிஹைடையும் கீட்டோனையும் பிரித்துக் காட்ட டாலன்ஸ் சோதனை செய்வார்கள். வெள்ளி நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் சேர்த்த கரைசலில் ஆல்டிஹைடை விட்டுச் சூடு காட்டினால் சோதனைக் குழாயின் உள்சுவரில் வெள்ளி படிந்து பளபளக்கும். சாதாரணக் கீட்டோன் எதையும் செய்யாமல் சும்மா இருக்கும். ஆல்டிஹைடு வெள்ளியை இப்படிப் படிய வைப்பதை 1835-ல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கவனித்தார். கண்ணாடிக்குப் பின்னால் தகரமும் பாதரசமும் பூசுகிற நச்சுத் தொழில் போய், வெள்ளி பூசுகிற முறை பரவியது இந்த வினையின் வழியாகத்தான், பிறகு ஆல்டிஹைடுக்குப் பதில் சர்க்கரையைப் பயன்படுத்தினார்கள். நம் வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடி என்று பெருமையாகக் காட்டுகிற ஆளுயர நிலைக்கண்ணாடிகள் அந்தத் தொழில் ஓங்கியிருந்த காலத்துப் பொருள்கள்.

இஞ்சிக்கு வருவோம், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற கீட்டோன். அதன் கார்பனைல் தொகுதிக்கு ஒரு கார்பன் தள்ளி ஓர் ஆல்கஹால் தொகுதி இருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு பலவீனம். இஞ்சியைக் காயவைத்தால் ஜிஞ்சராலிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோய் ஷோகால் என்ற வேறொரு கீட்டோன் உண்டாகிறது, காரத்தில் இது ஜிஞ்சராலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சுக்கு நாக்கில் சுரீரென்று ஏறுவது இதனால்தான், காய்ந்துபோனதால் காரம் செறிவானது என்பது காரணத்தில் ஒரு பகுதி மட்டுமே. அதே இஞ்சியைக் குழம்பில் போட்டுக் கொதிக்க விட்டால் ஜிஞ்சரால் இரண்டாக உடைந்து ஜிஞ்சரோன் என்ற சின்னக் கீட்டோனாகவும் ஹெக்ஸனால் என்ற ஆல்டிஹைடாகவும் பிரிகிறது. ஜிஞ்சரோனுக்குக் காரம் குறைவு, இனிப்பான மணம். பச்சை, காய்ந்தது, வெந்தது என்று இஞ்சிக்கு மூன்று குணம் இருப்பது வைத்தியத்துக்கும் தெரியும் சமையலுக்கும் தெரியும், மூலக்கூறு அளவில் பார்த்தால் ஒரே கீட்டோன் இரண்டு வழியில் மாறுவதுதான் அது.

புதினாவில் கார்வோன் என்று ஒரு கீட்டோன். பிரசவமான பெண்களுக்கு மருந்தில் சேர்க்கிற சதகுப்பையிலும் கார்வோன்தான். அணுக்கள் ஒன்றே, இணைப்பும் ஒன்றே, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம், அவ்வளவுதான் வித்தியாசம். மூக்கு இரண்டையும் வேறு வேறாக அறிகிறது.

சரி, மணத்தை விட்டு நிறத்துக்குப் போகலாம். கார்பனைல் தொகுதி தனியாக இருந்தால் நிறம் கிடையாது. அதை ஒட்டி ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக நீண்டுபோனால் மூலக்கூறு கண்ணுக்குத் தெரிகிற ஒளியை உறிஞ்சத் தொடங்கும். மஞ்சளின் குர்குமின் இப்படிப்பட்டது, நடுவில் இரண்டு கீட்டோன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று ஹைட்ரஜனைப் பங்குபோட்டு ஈனால் வடிவத்தில் நிற்கிறது. சுண்ணாம்பு போட்டால் அந்த ஹைட்ரஜன் போய்விடும், எலக்ட்ரான்களின் ஓட்டம் மாறும், மஞ்சள் சிவப்பாகும். ஆரத்தித் தட்டும், வீட்டில் செய்கிற குங்குமமும், மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்பு வைத்ததும் திடுக்கென்று சிவப்பதும் எல்லாம் இந்த ஒரே வினைதான். (கறையை வெயிலில் போடுங்கள், குர்குமின் ஒளி பட்டால் தாங்காது.) மஞ்சளின் மணம் குர்குமினிலிருந்து வருவதில்லை, டர்மரோன்கள் என்ற வேறு கீட்டோன்களுடையது அது. குண்டு மிளகாயின் சிவப்புக்கும் கீட்டோன் உண்டு, கேப்சாந்தின். கேரட்டில் உள்ள கரோட்டினின் உறவுதான், கூடுதலாக ஒரு கீட்டோன் தொகுதி இருப்பதால் நிறம் ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு நகர்ந்திருக்கிறது.

ஒரு வளையத்துக்குள்ளேயே இரண்டு கார்பனைல் இரட்டைப் பிணைப்புகளோடு சேர்ந்து வந்தால் அது குவினோன். இவை கொஞ்சம் முரட்டுச் சாதி. மருதாணியின் லாசோன் குவினோன். இலையில் அது சர்க்கரையோடு கட்டப்பட்டுக் கிடக்கும், அரைத்துக் கொஞ்சம் புளிப்பும் சேர்த்தால் விடுபட்டு வந்து தோலிலும் நகத்திலும் உள்ள கெராட்டின் புரதத்தோடு நேரடியாகப் பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. மேலே பூசிய சாயம் மாதிரி தேய்த்துக் கழுவ முடியாதது அதனால்தான். தோல் உரிந்தால் போகும், நகம் வளர்ந்து வெட்டினால் போகும்.

தேக்கிலும் குவினோன் இருக்கிறது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கி நம் வளவுகளில் தூணாகவும் நிலையாகவும் நிற்கிற மரத்தைச் செல் அரிக்காது என்று சொல்லுவோம் இல்லையா, அதற்கு எண்ணெய்ப் பசையோடு டெக்டோகுவினோன் போன்ற பொருள்களும் காரணம், கரையானுக்கு அவை ஆகாது. மரம் வயதாகும்போது நடுக்கட்டையில் இவை சேர்கின்றன. வெளிப்பக்கத்து வெள்ளைக்கட்டையில் அவ்வளவு இருக்காது, அதைக் கரையான் தின்னும். வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து எடுக்கும் தச்சர்கள் குவினோன் சேர்ந்த பகுதியைத்தான் எடுக்கிறார்கள். அவசரமாக வளர்த்து இளசிலேயே வெட்டி விற்கிற தோட்டத் தேக்கில் வெள்ளைக்கட்டைதான் அதிகம். அதை வாங்கிவிட்டு "தேக்கே ஆனாலும் செல் அரித்துவிட்டது" என்று புலம்பிப் பயனில்லை.

சாமி அறையில் சூடம். இதுவும் கீட்டோன், கார்பனைல் இரட்டை வளையக் கூட்டுக்குள் அடைந்து கிடக்கிறது. திறந்து வைத்த டப்பாவில் சூடம் குறைந்துகொண்டே வருவது திடநிலையிலிருந்து நேராக ஆவியாவதால், வேறு பொருளாக மாறுவதால் அல்ல. காற்றில் போனதும் கற்பூரமாகவே போகிறது. டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பார்கள், மூடி இறுக்கமாக இருந்தால் மிளகு இல்லாமலும் இருக்கும். முன்பு கற்பூர மரத்திலிருந்து எடுத்தார்கள், இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் டர்பன்டைனில் உள்ள பைனினிலிருந்து தொழிற்சாலையில் செய்தது. சளிக்கு என்று குழந்தைகளுக்குச் சூடத்தை உள்ளே கொடுக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம்.

புனுகுக்கும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். அதன் மணப்பொருள் சிவெட்டோன், பதினேழு கார்பன் வளையத்தில் ஒரு கீட்டோன். அவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்று வேதியியலாளர்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1926-ல், ருசிக்கா என்பவர் அதன் அமைப்பைக் கண்டுபிடித்துக் கஸ்தூரியின் மஸ்கோனில் பதினைந்து கார்பன் வளையம் இருப்பதையும் காட்டினார். 1939-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு.

இனி நெய். வெண்ணெய் உருக்கும்போது வாசம் தெருவரைக்கும் வருகிறதே, அதில் மீத்தைல் கீட்டோன்கள் (கார்பனைலின் ஒரு பக்கம் ஒரே ஒரு கார்பன் உள்ளவை) நிறைய. பால் கொழுப்பில் பீட்டா கீட்டோ அமிலங்கள் கொஞ்சம் கட்டுண்டு கிடக்கின்றன. அமிலத் தொகுதிக்கு ஒரு கார்பன் தள்ளி கீட்டோன் இருக்கிற அமிலம் இது. இந்த அமைப்பு சூட்டைத் தாங்காது, கார்பன் டை ஆக்சைடாக ஒரு கார்பனைக் கழற்றிவிட்டு மிச்சம் மீத்தைல் கீட்டோனாகிவிடும். இந்த ஒரு வினையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு இடத்தில் வரப்போகிறது.

முதல் இடம் தேங்காய். ஈரம் சரியாகக் காயாத கொப்பரையும், தண்ணீர் நின்ற தேங்காயெண்ணெயும் சிக்கு வாடை அடிக்கிறது. எண்ணெய் காறிப்போனது என்று நாம் எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது. நல்லெண்ணெய், கடலையெண்ணெய் மாதிரி இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பைக் காற்றும் வெளிச்சமும் கெடுக்கும், உண்டாவது ஹெக்ஸனால் போன்ற ஆல்டிஹைடுகள். பழைய எண்ணெயில் சுட்ட முறுக்கு டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது அவைதான். தேங்காயெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு என்பதால் காற்று அவ்வளவாக ஒன்றும் செய்யாது. அங்கே வில்லன் பூஞ்சை. ஈரம் கிடைத்தால் அது கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக வெட்டித் தின்னத் தொடங்கும், நடுவழியில் பீட்டா கீட்டோ அமிலம் உண்டாகும், அதிலிருந்து ஒரு கார்பன் கழன்று மீத்தைல் கீட்டோன் வரும். பன்னிரண்டு கார்பன் உள்ள லாரிக் அமிலம் பதினோரு கார்பன் கீட்டோனாகிறது. ஐரோப்பியர்கள் இதே பொருள்களை நீலப் பூஞ்சைச் சீஸில் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள், நமக்குத் தேங்காயில் வந்தால் பிடிக்காது. நடைமுறைக்கு இவ்வளவு போதும்: நல்லெண்ணெயை இருட்டில், நிறைய நிரப்பி மூடி வையுங்கள், தேங்காயெண்ணெயில் ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாள்பட வைக்கிற பலகாரத்துக்கு எந்த எண்ணெய் என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

இரண்டாவது இடம் நம் கல்லீரல்.

விரதம் இருக்கிறோம், அல்லது சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கல்லீரலில் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கிற சர்க்கரை ஒரு நாளில் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். அப்புறம் உடம்பு கொழுப்பை எடுக்கிறது, பூஞ்சை வெட்டுவது மாதிரியேதான் கல்லீரலும் கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக வெட்டுகிறது. துண்டுகள் அளவுக்கு மிஞ்சினால் அவற்றைச் சேர்த்து அசிட்டோ அசிட்டேட் செய்கிறது. நான்கு கார்பன், அதுவும் பீட்டா கீட்டோ அமிலம்தான். அதில் ஒரு பகுதி ஒரு கார்பனை இழந்து அசிட்டோனாகி மூச்சில் வெளியேறும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர் வாயில் லேசாக நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம் வருவது அதனால்தான், இரண்டும் ஒரே அசிட்டோன். மிச்ச அசிட்டோ அசிட்டேட்டில் பெரும்பகுதி பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டாக மாறி ரத்தத்தில் ஓடுகிறது. அதில் கீட்டோன் தொகுதியே இல்லை, ஆல்கஹால் தொகுதிதான் இருக்கிறது, இருந்தாலும் மருத்துவர்கள் மூன்றையும் சேர்த்துக் கீட்டோன் பொருள்கள் என்றே சொல்கிறார்கள்.

கல்லீரலே செய்தாலும் கல்லீரலால் இவற்றை எரிக்க முடியாது, அதற்கான நொதி அங்கே இல்லை. எல்லாம் தசைக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் போகிறது. மூளைக்குக் குளுக்கோஸ் தவிர வேறொன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருந்ததை 1967-ல் அமெரிக்காவில் கேஹில் குழுவினர் மாற்றினார்கள், நீண்ட பட்டினியில் மூளைக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கும் மேல் கீட்டோன் பொருள்களிலிருந்தே கிடைக்கிறது. கீட்டோ உணவு முறையும் எடை குறைக்க வந்ததில்லை, 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக முன்வைத்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். எடை குறைக்கச் செய்பவர்கள் சொல்கிற மற்ற அற்புதங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு.

அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் ஏன் பதறுகிறார்கள்? அளவுதான் விஷயம். சாதாரணமாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். ஓரிரு நாள் விரதத்திலும் கீட்டோ உணவிலும் 0.5-லிருந்து 3 வரை போகலாம், நீண்ட பட்டினியில் இன்னும் ஏறலாம். இன்சுலின் கொஞ்சமாவது சுரந்தால் கொழுப்பு உடைவதை அது அடக்கிவைக்கும், கீட்டோன் பெரும்பாலும் கட்டுமீறி ஏறாது. முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் ஊசி நின்றுபோனால் அடக்க ஆள் இல்லை, 3-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும், இவற்றில் அசிட்டோன் தவிர மற்ற இரண்டும் அமிலங்கள் என்பதால் ரத்தமே அமிலமாகும். வாந்தி, வயிற்று வலி, வேக வேகமாக இழுத்து விடும் மூச்சு, அந்த மூச்சில் பழ வாசம். இதுதான் கீட்டோ அசிடோசிஸ், உடனே வைத்தியம் பார்க்காவிட்டால் உயிருக்கு ஆபத்து.

சிறுநீரில் முக்கிப் பார்க்கிற பட்டை ஊதா நிறமாவது அசிட்டோ அசிட்டேட்டுக்குத்தான், அதிகமாக ஓடுகிற பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டை அது காட்டாது. அதனால் நிலைமை மோசமாக இருக்கும்போது பட்டை குறைத்துக் காட்டும். வைத்தியம் தொடங்கி அது திரும்ப அசிட்டோ அசிட்டேட்டாக மாறும்போது நோயாளி தேறிக்கொண்டிருந்தாலும் பட்டையில் நிறம் கூடும். ரத்தத்தில் கீட்டோன் பார்ப்பதே நம்பகமானது.

இன்னொன்று இப்போது முக்கியமாகியிருக்கிறது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடியும் சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகின்றன. நல்ல மருந்துகள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுகின்றன. ஆனால் இவற்றை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், அல்லது கார்போஹைட்ரேட்டை ஒரேயடியாக நிறுத்தினால், சிலருக்கு ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே கீட்டோ அசிடோசிஸ் வரும். தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்துபோகும் நகரத்தார் கூட்டத்தில் சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், பேலியோவுக்கு மாறுபவர்களிலும் அப்படித்தான். இந்த வகை மாத்திரை இருந்தால் விரதத்துக்கும் நடைக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, எத்தனை நாளைக்கு முன்னால் நிறுத்துவது, நிறுத்தத்தான் வேண்டுமா என்று தெரிந்துகொள்வது நல்லது. வழியில் வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் மீட்டரில் சர்க்கரை 180 என்று இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாமல், போட்டிருக்கிற மாத்திரையின் பெயரைச் சொல்லி ரத்தக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.